பஞ்சு பீடி

அறுக்கதுக்கு முன்னால தூங்க வைப்பாவ, எல்லாருக்கும் தெரியும்.
என்னிய அறுக்கதுக்குத்தான் எழுப்புனாவ.

'முப்புடாதி, முழிச்சுக்கிடுங்க.'
விடியக்காலம் நாலு மணிக்கு
இலை நனைக்க எந்திரிக்க மாதிரி எந்திரிக்கப் பாத்தேன்.
மூணு ஆணியில தலை நிக்கி.
முகத்துக்கு மேல பச்சைத் துணிக் கூடாரம்.
கூடாரத்துக்கு உள்ள நானும் பிசியோ ரெபேக்காளும்.
அங்கிட்டு என் மண்டையும்
டாக்டர் மதார் மைதீனும்.

பெரிய ஓட்டை இல்லையாம்.
அஞ்சு ரூவாத் துட்டு அகலம்,
அதுக்குள்ள ஒரு குழாய், குழாய் முனையில விளக்கு.
முடிகூட முழுசா எடுக்கல,
உச்சிக்கு இடப்பக்கம் ஒரு சீப்பு அகலம்.

'தோலுதான் நோவும், அதை மரக்கடிச்சாச்சு.
உடம்புல எங்க நொந்தாலும் மூளைக்குத்தான் சேதி போவும்.
தன்னைத் தொட்டா அதுக்குத் தெரியாது.'
'எங்க நாத்தனா மாதிரி' ன்னேன்.
துணிக்கு அங்கிட்டு யாரோ சிரிச்சாவ.
'சிரிக்காதிய, கத்தி கையில இருக்கு.'

தை மாசம் தொடங்குனது இந்தப் பெருவிரல்.
நான் சொல்லாம அதுவா ஆடும்.
சுத்துன பீடி தொளதொளன்னு வரும்.
முக்கூடல் கடையில செக்கர் தங்கப்பழம்
கட்டைப் பிரிச்சு ஒவ்வொண்ணா உருட்டி
கழிவு, கழிவு, கழிவு ன்னு தள்ளுவான்.
ஆயிரத்துக்கு எம்பது கழிஞ்ச அன்னைக்குத்தான்
பஸ்ஸு ஏறி ஹைகிரவுண்டு வந்தேன்.
படம் புடிச்சுப் பாத்துட்டு டாக்டர் கேட்டாவ,
'பீடி குடிப்பியளா?'
'சுத்துவேன். குடிக்கது ஊருல உள்ளவிய.'

கை ஓடுதான்னு பாத்துக்கிட்டேதான் வெட்டணுமாம்.
முந்தின நாளு ரெபேக்காள்
பந்தை அமுக்கச் சொன்னா, பொத்தான் போடச் சொன்னா.
பால்வாடிப் பிள்ளை வேலை.
'என் கைக்குத் தெரிஞ்சதைக் குடு தாயி.'
கூட்டம் போட்டுப் பேசுனாவளாம்.
இலை சரி, நூலு சரி, தூளு உள்ள வரக் கூடாது.
தூளு இல்லாம என்னத்தச் சுத்த?
ஆஸ்பத்திரிப் பஞ்சு குடுத்தாவ.

சுத்துதேன்.
வாய்விட்டு எண்ணச் சொன்னாவ, எண்ணுதேன்.
மேல என்னமோ தொடுதாவ, எனக்குத் தெரியல.
ஏழு. எட்டு.
பெருவிரல் நின்னுட்டு.
நோவு இல்ல, மரப்பு இல்ல.
அவிய கரண்டு வச்சுத்தான் நிறுத்துதாவளாம்,
எனக்குக் கரண்டு போன வீட்டுல
காத்தாடி நிக்க மாதிரி இருந்துது.
'விரல் நிக்கி!' ன்னு ரெபேக்காள் கத்துனா.
அங்கன ஒரு நம்பர்ச் சீட்டு வச்சாவளாம்,
கட்டுக்கு லேபிள் ஒட்டுத மாதிரி.
எட்டு. ஒம்பது.

பதினாலுல ஆள்காட்டி விரல். இன்னொரு சீட்டு.
அதுக்கப்புறம் விரல் நல்லா ஓடுது.
பதினெட்டு சொன்னேன்.
அடுத்த சொல்லு இல்ல.
இருவது தூரத்துல நிக்கி, தெரியுது.
நடுவுல பல்லு விழுந்த எடம் மாதிரி.
நாக்கால தடவித் தடவிப் பாக்கேன்.
அப்பதான் பயந்தேன். அது வரைக்கும் பயமில்ல.
ரெபேக்காள் என் முழங்கையைப் புடிச்சா,
அவ கையும் சில்லுன்னுதான் இருந்துது.

பொறவு டாக்டர், மெதுவா:
'பெருவிரல் எடத்துல கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கு.
நோண்டுனா விரல் போவும். விட்டா, பின்னால வளரலாம்.
நேத்துப் பேசுனோம்லா. அதே பேச்சுதானா?'

சங்கத்துக் கடன் இருக்கு.
மவ சேரன்மாதேவியில ரெண்டாவது வருசம் படிக்கா.
பின்னாலன்னா எத்தனை வருசம்னு நான் கேக்கல.
'ஆயிரத்துக்குப் பத்துக் கழிவு எதுலயும் உண்டு.
விடுங்க டாக்டர்.'
துணிக்கு அங்கிட்டு யாரும் சிரிக்கல.

மறுநாளு வார்டுல கையைத் தூக்குனேன், வந்துது.
பெருவிரல் வளையுது. அதுவா ஆடல.
பத்தொம்பது, பத்தொம்பதுன்னு
பக்கத்துக் கட்டில்காரிக்குக் கேக்குத மாதிரி ரெண்டு தடவை சொன்னேன்.
'நான் சுத்துனதெல்லாம் எங்க?'
இருவத்திமூணு. கட்டுக்கு ரெண்டு குறைச்சல்.
மஞ்சப் பையில போட்டு அனுப்பியாச்சாம்,
ஆஸ்பத்திரிக் கழிவோட.
செக்கர் கண்ணுல படாமலே
மொத்தமும்.